மஞ்சள் வத்தகப்பழத்தின் விதை போட்டேன், சிவப்பும் காய்க்கிறதே?

எல்லப்பாதை
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் கண்டியில் ஒரு பழக்கடையில், வெளியே பச்சைக் கோடும் உள்ளே நல்ல மஞ்சளுமாக ஒரு சின்ன வத்தகப்பழம் வாங்கினோம். ருசி பிடித்துப்போனதால் விதையைக் கழுவிக் காயவைத்து, வெல்லவாயப் பக்கம் மச்சானின் காணியில் சிறுபோகத்துக்குப் போட்டோம். காய் குறை சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் குழப்பம். பெரும்பாலான கொடிகளில் அதே மஞ்சள். சில கொடிகளில் சாதாரண சிவப்பு. ஒன்றிரண்டு கொடிகளில் மட்டும் சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் வெளிறிய செம்மஞ்சள் நிறம். ஒரே கொடியில் உள்ள காய்கள் எல்லாம் ஒரே நிறம்தான், அதைக் கவனித்துப் பார்த்தேன்.

வேலியோரம் பூசணி போட்டிருந்தோம், அதன் மகரந்தம் ஏறியதால் நிறம் மாறிவிட்டது என்கிறார் பக்கத்துக் காணிக்காரர். கடையில் வாங்கியதற்கே கலர் ஊசி போட்டிருப்பார்கள் என்கிறார் மாமா. எல்லயில் இரண்டு ஹோட்டல்காரர்கள் மஞ்சள் பழம் கிடைத்தால் ஜூஸுக்கு எடுக்கிறோம் என்கிறார்கள். மஞ்சள் மட்டும் தருகிற விதை வேண்டும். என்ன செய்யலாம்?

லிந்துலைக்காரன்
மாமாவிடம் கேளுங்கள் அண்ணே, ஊசி போட்ட கலர் விதைக்குள்ளும் போய் அடுத்த போகத்திலும் முளைக்குமா என்று. அப்படி ஒரு ஊசி இருந்தால் நான் கோவாவுக்கும் போடுகிறேன்.

ஹாலிஎல வாத்தியார்
ஊசிக் கதை வருடா வருடம் கோடை தொடங்கினால் வந்துவிடும். அதை விடுவோம். பூசணிக் கதையை மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகளே இதை நம்புகிறார்கள்.

முதலாவது, பூசணியும் வத்தகையும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு சாதி. வத்தகையில் 22 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), பூசணியில் 40. வண்டு எத்தனை தடவை மாறி மாறி உட்கார்ந்தாலும் அவை கலக்காது.

இரண்டாவதுதான் முக்கியம். நாம் தின்கிற சதை தாய்க்கொடியின் சொத்து. பூவின் சூலகம் பெருத்துத்தான் காய் ஆகிறது. மகரந்தம் போய்ச் சேர்வது விதைக்குள் மட்டும். ஆகவே எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தப் போகத்துக் காயின் சதை நிறம் மாறாது. மாறுவதாக இருந்தால் அந்த விதையை நட்டு அடுத்த போகத்தில்தான் தெரியும். ஒரே கொடியின் காய்கள் எல்லாம் ஒரே நிறம் என்று தம்பி எழுதியிருக்கிறாரே, அதற்குக் காரணம் இதுதான். பூசணியின் வேலையாக இருந்தால், ஒரே கொடியில் ஒரு காய் ஒரு மாதிரியும் மற்றக் காய் இன்னொரு மாதிரியும் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மினிப்பேக்காரன்
சேர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நாங்கள் ஒரு போகம் சொந்த விதை போட்டபோது பாதிக் கொடி கசந்தது. பக்கத்தில் காட்டுக் கொம்மட்டி இருந்தது. அது என்ன கணக்கு?

ஹாலிஎல வாத்தியார்
அதே கணக்குத்தான். காட்டு வகையின் மகரந்தம் அதற்கு முந்தின போகத்தில் விழுந்திருக்கும். அந்தப் பழத்தைத் தின்றபோது இனித்திருக்கும், கசப்பு விதைக்குள் இருந்திருக்கும். கொம்மட்டி வத்தகைக்கு நெருங்கிய சொந்தம், அது கலக்கும். பூசணி கலக்காது.

மழைக்குருவி
எல்லப்பாதை அண்ணா, நான் பேராதனையில் விவசாயம் படித்தவள். உங்கள் வயலில் நடந்தது புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரியான விசயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பழம் அநேகமாக எஃப் 1 கலப்பு விதையில், அதாவது இரண்டு இனங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதையில் வந்தது. மஞ்சள் சதைக் கலப்பு வத்தகை புதுச் சாமான் இல்லை. தாய்வான் கம்பனி ஒன்றின் 'யெல்லோ பேபி' 1975இலேயே அமெரிக்காவில் ஓல் அமெரிக்கா செலக்சன்ஸ் விருது வாங்கியது. எஃப் 1 விதை போட்டவரின் வயலில் எல்லாம் ஒரே மாதிரி காய்க்கும். அந்தப் பழத்தின் விதையை எடுத்து நட்டால், தாய் தகப்பனிடமிருந்து வந்து உள்ளே ஒளிந்திருந்த எதிருருக்கள், அதாவது ஒரே பரம்பரையலகின் (ஜீனின்) வெவ்வேறு வடிவங்கள், பிரிந்து வெளியே வரும். வண்டு கொடிக்குக் கொடி மாறியிருந்தாலும் பரவாயில்லை, அந்த வயல் முழுக்க ஒரே கலப்பினம் என்றால் தன்மகரந்தச் சேர்க்கை நடந்த மாதிரித்தான் விளைவு.

இனி நிறம். சதை நிறத்துக்கு ஒரே ஒரு பரம்பரையலகு இல்லை. உங்களுக்குத் தேவையானவை இரண்டு.

முதலாவதை ஆங்கில எழுத்து 'சீ' என்று எழுதுவார்கள். ஒவ்வொரு கொடியிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு இருக்கும். பெரிய சீ இருந்தால் கனரி மஞ்சள், பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள். இது ஆட்சியானது, ஒன்று இருந்தாலே நிறம் வெளியே தெரியும். சின்ன சீ இரண்டும் சேர்ந்தால்தான் மற்ற நிறங்களுக்கு வழி கிடைக்கும்.

இரண்டாவது 'வை'. இதில் மூன்று எதிருருக்கள். பெரிய வை என்றால் பவளச் சிவப்பு. அதற்குக் கீழே செம்மஞ்சள். எல்லாவற்றுக்கும் கீழே சல்மன் மஞ்சள், அதாவது நீங்கள் சொன்ன அந்த வெளிறிய நிறம். சிவப்பு மற்ற இரண்டையும் மறைக்கும், செம்மஞ்சள் சல்மனை மறைக்கும்.

இதில் சீ மேலாட்சி செலுத்துகிறது. பெரிய சீ ஒன்று வந்துவிட்டால் வை என்னவாக இருந்தாலும் பழம் கனரி மஞ்சள்தான். உங்கள் கடைப் பழம் சீ, வை இரண்டிலும் ஒரு பெரியதும் ஒரு சின்னதுமாகக் கலப்பாக இருந்திருக்கிறது. அப்படியானால் அடுத்த தலைமுறையில் 16 பங்கில் 12 கனரி மஞ்சள், 3 சிவப்பு, 1 சல்மன். பெரும்பாலும் மஞ்சள், சில சிவப்பு, ஒன்றிரண்டு வெளிறல் என்று நீங்கள் எழுதியது அப்படியே இந்தக் கணக்கு.

லிந்துலைக்காரன்
தங்கச்சி, ஒரு இடத்தில் இடிக்கிறது. மஞ்சள்தான் ஆட்சி என்கிறீர்கள். என் தம்பி வேறு ஒரு மஞ்சள் வத்தகையையும் சுகர் பேபி என்ற சிவப்பு இனத்தையும் வேண்டுமென்றே கலந்து பார்த்தான். வந்த கொடி அத்தனையும் சிவப்பு. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. இப்போது எது ஆட்சி?

மழைக்குருவி
நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. உங்கள் தம்பியிடம் இருந்தது கனரி இல்லை, சல்மன் வகை மஞ்சள். அது சிவப்புக்குப் பின்னிடைவானது, கலந்தால் எல்லாம் சிவப்பாகத்தான் வரும். அமெரிக்காவில் 1937இல் போர்ட்டர் என்பவர் இதைக் கலந்து பார்த்து, சிவப்பு மஞ்சளை ஆள்கிறது என்று எழுதினார். கனரி மஞ்சளை வைத்துப் பார்த்தவர்களுக்கு நேர் எதிராக வந்தது. இரண்டும் சரி. கடைக்காரருக்கு இரண்டும் மஞ்சள், பெட்டியில் எழுதினாலும் மஞ்சள், ஆனால் உள்ளே இரண்டு வேறு சாமான்கள்.

ஆகவே மஞ்சள் பழம் கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது, அதைச் சுத்தமான சிவப்பு இனம் ஒன்றோடு கலப்பது. பிள்ளைகளில் மஞ்சள் வந்தால் கனரி. எல்லாம் சிவப்பு என்றால் சல்மன்.

மினிப்பேக்காரன்
அப்போது சிவப்பு எப்படிச் சிவப்பாகிறது? மஞ்சளில் ஏதோ கூடுதலாக இருக்கிறதா, சிவப்பில் கூடுதலாக இருக்கிறதா?

மழைக்குருவி
சிவப்புக்குக் காரணம் லைக்கோப்பீன், தக்காளியில் இருக்கிற அதே நிறப்பொருள். பச்சைத் தக்காளி என்று நினைக்க வேண்டாம், சமைக்காத பழுத்த தக்காளியைச் சொல்கிறேன். அதில் 100 கிராமுக்கு சுமார் 2.6 மில்லிகிராம் என்றால் சிவப்பு வத்தகையில் 4.5 அளவில் இருக்கும். கனரி மஞ்சளில் லைக்கோப்பீன் மிகக் குறைவு. ஹோட்டல்காரர் "மஞ்சள்தான் சத்து" என்று பலகை போட்டால் நம்பாதீர்கள்.

கொடிக்குள் லைக்கோப்பீன் கடைசிப் பொருள் இல்லை, நடுவில் வருவது. ஒரு நொதியம், லைக்கோப்பீன் பீற்றா சைக்கிளேஸ் என்று பெயர், அதைப் பிடித்து பீற்றா கரோட்டீன் ஆக்கும். அதற்குப் பிறகும் மாறி மஞ்சள் நிறச் சாந்தோபில்கள் வரும். கண்டியிலிருந்து பதுளைக்குப் போகிற ரயில் நானுஓயாவில் நின்றுவிட்டால் ஆட்கள் எல்லாம் நானுஓயா மேடையிலேயே நிரம்பி நிற்பார்கள் இல்லையா, சிவப்புப் பழத்தில் நடப்பது அதுதான். நொதியம் போதாததால் லைக்கோப்பீன் தேங்கி நிற்கிறது. கனரியில் ரயில் ஓடுகிறது, அதனால் சிவப்பு தங்குவதில்லை.

இந்த நொதியத்தின் பரம்பரையலகில் ஒரே ஒரு எழுத்து மாற்றத்தைப் பிடித்து, கனரியையும் சிவப்பையும் பிரிக்கிற டி.என்.ஏ. அடையாளத்தை 2007இல் டெக்சாஸில் உருவாக்கினார்கள். 2020இல் சீன ஆய்வாளர்கள் பார்த்தபோது, சிவப்புப் பழத்தில் அந்த நொதியப் புரதத்தின் அளவே குறைந்து கிடந்தது தெரிந்தது.

ஹாலிஎல வாத்தியார்
மினிப்பேத் தம்பியின் கேள்விக்கு இதில் ஒரு அழகான பதில் இருக்கிறது. வேலை செய்கிற நொதியம் ஆட்சி, வேலை குறைந்தது பின்னிடைவு. பாதி அளவு நொதியம் இருந்தாலே வேலை நடந்துவிடுகிறது, அதனால் ஒற்றைப் பெரிய சீ போதும். வகுப்பில் 'ஆட்சி' என்றதும் பிள்ளைகள் ஏதோ பலசாலி எதிருரு மற்றதை அடக்குகிறது என்று நினைப்பார்கள். அடக்குவதெல்லாம் இல்லை.

இன்னொன்று. நாம் சிவப்பை இயற்கை என்றும் மஞ்சளைப் புதினம் என்றும் நினைக்கிறோம். சூடானின் கொர்டொபான் பகுதியில் வளரும் கசப்பில்லாத வத்தகையின் முழு மரபுத்தொகுதியை 2021இல் வெளியிட்டார்கள். நம் வத்தகைக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். அதன் சதை வெள்ளை. சிவப்புதான் பிற்பாடு மனிதன் தேடித் தேடிச் சேர்த்த நிறம்.

லிந்துலைக்காரன்
வெள்ளைக்கும் ஒரு எழுத்து இருக்கிறதா சேர்?

ஹாலிஎல வாத்தியார்
இருக்கிறது. வெள்ளைச் சதைக்கான எதிருரு மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்தே மறைத்துவிடும். 1963இல் ஜப்பானில் சிமொட்சுமா செய்த கலப்பில் 12 வெள்ளை, 3 மஞ்சள், 1 சிவப்பு என்று பிரிந்தது. நல்ல கடுஞ்சிவப்புக்குத் தனியாக இன்னொன்று இருக்கிறது, அது பவளச் சிவப்பை ஆளும். அதைக் கண்டுபிடித்தவர்கள் வட கரோலினாவில் குஸ்மினியும் வேனரும், 2006இல். அதிகம் போனால் எல்லப்பாதைத் தம்பி கேட்ட கேள்வி காணாமல் போய்விடும்.

நானுஓயா அக்கா
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பொலித்தீன் கூடாரத்தில் குடைமிளகாய் போடுகிறோம். அதில் இரண்டு கொடி மஞ்சள் வத்தகை ஏற்றலாமா? போன தடவை சிவப்பு போட்டதில் உள்ளே வெளிறிப்போய் இருந்தது. அதுவும் பரம்பரையலகுதானா?

மினிப்பேக்காரன்
அக்கா, அது குளிர். வத்தகைக்குப் பகலில் 25, 30 பாகை வேண்டும். உங்கள் பக்கம் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் மனிதனே நிற்க முடியாது. கொடி படரும், பூக்கும், காய் பெருக்காது, சீனி ஏறாது. பிஞ்சிலேயே அறுத்த பழமும் வெளிறித்தான் இருக்கும். வெளிறலைப் பார்த்ததும் சல்மன் என்று முடிவு செய்ய வேண்டாம், முதலில் விதை கறுத்திருக்கிறதா, காம்பருகே இருக்கிற சுருள் பற்றிழை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நானுஓயா அக்கா
விதை வெள்ளையாகத்தான் இருந்தது. அப்போது பிஞ்சுதான். நன்றி தம்பி.

எல்லப்பாதை
எல்லோருக்கும் நன்றி. ஆக எங்களுடையது கனரி. இனி மஞ்சள் மட்டும் வர வைப்பது எப்படி? மஞ்சள் கொடியின் விதையை மட்டும் எடுத்து மறுபடி போட்டால் போதாதா?

மழைக்குருவி
போதாது. மஞ்சளாகத் தெரிகிற கொடிகளில் மூன்றில் ஒன்றுதான் இரண்டு பெரிய சீயும் உள்ள சுத்த மஞ்சள். மற்ற இரண்டு பங்கும் உள்ளே சின்ன சீயை வைத்திருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு மஞ்சள் கொடியையும் தன்மகரந்தம் சேர்த்து, விதையைத் தனித்தனிப் பையில் எடுத்து, ஒவ்வொரு பையிலிருந்தும் 11 கொடியாவது நட வேண்டும். உள்ளே சின்ன சீ ஒளிந்திருந்தால் அந்த 11இல் ஒன்றாவது மஞ்சள் அல்லாமல் வரும் என்று 95 வீதத்துக்கு மேல் நம்பலாம். எல்லாம் மஞ்சளாக வந்த பையை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை ஹோட்டலுக்கு விற்றுவிடுங்கள்.

இரண்டாவது, இடம் குறைவாக இருந்தால். அதே மஞ்சள் கொடியின் ஒரு பூவைத் தன்மகரந்தம் சேருங்கள். அதன் ஆண்பூவை எடுத்து ஒரு சிவப்புக் கொடியின் பெண்பூவில் தடவுங்கள். அந்தச் சிவப்புக் காயின் விதையில் 5 கொடி போதும். மஞ்சள் கொடி கலப்பாக இருந்தால் பிள்ளைகளில் பாதி மஞ்சள் அல்லாமல் வரும், ஐந்தும் தப்பித்து மஞ்சளாக வர வாய்ப்பு 3 வீதம்தான். ஐந்தும் மஞ்சள் என்றால், தன்மகரந்தம் சேர்த்த அந்தக் காயின் விதையை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். மச்சானின் காணி எவ்வளவு என்று தெரியாது, ஆனால் வத்தகை படர்கிற படர்ச்சிக்கு 11 கொடி வீதம் பல பைகள் என்றால் காணி போதாது.

மினிப்பேக்காரன்
தன்மகரந்தம் என்று எழுதுவது சுலபம். வயலில் வண்டு உங்களுக்கு முன்னால் எழும்பிவிடும். அண்ணே, முதல் நாள் பின்னேரமே போய், அடுத்த நாள் விரியப் போகிற பெண்பூவைத் தேடுங்கள். அடியில் மயிர் படர்ந்த குட்டிக் காய் ஒன்று இருக்கும், இதழ் நுனி லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். அதைச் சின்னக் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். அதே கொடியின் ஆண் மொட்டையும் மூட வேண்டும், அதில் வண்டு ஏறினால் வேறு மகரந்தம் ஒட்டும். விடிந்து பூ விரிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, பெண்பூவின் மூன்று மடல் சூல்முடியில் மூன்று மடலிலும் படுகிற மாதிரி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரும். மறுபடி மூடி, காம்பில் கம்பளி நூல் ஒன்று கட்டுங்கள். பத்து மணிக்குப் பிறகு செய்து பிரயோசனம் இல்லை. பிடிக்காமல் உதிர்கிற பூவும் நிறைய, மனம் விடக்கூடாது.

லிந்துலைக்காரன்
டி.என்.ஏ. அடையாளம் என்றாரே தங்கச்சி, நாற்றிலேயே இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?

மழைக்குருவி
பார்க்கலாம். அந்த அடையாளம் கலப்பையும் தனியாகக் காட்டும், அதுதான் அதன் பெருமை. ஆனால் பி.சி.ஆர். செய்கிற ஆய்வுகூடத்துக்கு இலை கொண்டுபோய், ஒவ்வொரு நாற்றுக்கும் காசு கட்டி... ஒரு ஹோட்டல் ஜூஸுக்காக என்றால் கடதாசிப் பையும் நூலும் மலிவு. பெரிய அளவில் இனம் உருவாக்குகிறவர்களுக்கு அது வேறு கதை.

எல்லப்பாதை
கடைசியாக ஒன்று. சில மஞ்சள் பழங்களில் நடுவில் சிவப்புத் திட்டு இருந்தது. அந்த வெளிறிய செம்மஞ்சள் பழம் ஒன்றின் விதையும் எடுத்து வைத்திருக்கிறேன், அது ருசியில் மற்ற எல்லாவற்றையும் விட இனிப்பு. மச்சான் நிறம் சரியில்லை, எறி என்கிறார்.

மழைக்குருவி
திட்டு விழுந்த பழங்களின் விதையை எடுக்காதீர்கள், அந்தக் கலப்பு நிறம் ஒழுங்காகக் கடத்தப்படுவதில்லை.

வெளிறியதை எறியவே வேண்டாம்! உங்கள் வயலிலேயே கண்ணால் பார்த்ததும் சுத்தமாக நிலைத்தது என்று சொல்லக்கூடிய கொடி அது ஒன்றுதான். சின்ன சீ இரண்டு, சின்ன வை இரண்டு, ஒளிந்திருக்க எதுவும் இல்லை. ஆனால் கையில் இருக்கிற விதையை அப்படியே நம்பாதீர்கள். வயலில் சுற்றிலும் கனரிக் கொடிகள், வண்டு அவற்றின் மகரந்தத்தைத்தான் அதிகம் கொண்டு வந்திருக்கும். அந்த விதையை நட்டால் சுமார் பாதி மஞ்சளாக வரும், கால்வாசி சிவப்பு, கால்வாசி வெளிறல். வண்டு வேலை செய்யாமல் தன் பூவே தனக்குச் சேர்ந்திருந்தால் வெளிறல் இன்னும் கூடும். 11 கொடி போட்டால் வெளிறல் ஒன்றாவது அநேகமாக வந்துவிடும். வந்த வெளிறலைப் பை கட்டித் தன்மகரந்தம் சேருங்கள். அதற்குப் பிறகு சோதனை எதுவும் வேண்டாம், வருகிறதெல்லாம் அதே நிறம்.

ஹாலிஎல வாத்தியார்
மச்சானிடம் சொல்லுங்கள், ஹோட்டலில் கிளாசில் ஊற்றினால் மாம்பழ ஜூஸ் நிறம்தான்.

மினிப்பேக்காரன்
வெளிறல் விதையில் எனக்கும் ஒரு பிடி வேண்டும் அண்ணே. மகியங்கனைச் சந்தைக்கு வருகிற நாளைத் தனிச்செய்தியில் போடுங்கள். பையில் திகதியையும் கொடி நம்பரையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மழையில் ஓடிவிடும்.